ஒரு ரூம் வாடகையும் வருமான வரியும்

(ஜூலை 2025 காலாண்டுக் கூட்டத்தில், நம் குடியிருப்பில் வசிக்கும் ஆடிட்டர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் முழுமையாகத் தருகிறோம்.)



தண்ணீர் லாரிக் கணக்கும் லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தமும் பேசி முடித்த பிறகு வருமான வரி பற்றிப் பேச ஒருவனை நிறுத்தியிருக்கிறார்கள். பாதிப் பேர் எழுந்து போய்விடுவீர்கள் என்று நினைத்தேன். போகாததைப் பார்த்தால், விஷயம் பலருக்கும் நெருக்கமானது என்று தெரிகிறது.

நம் குடியிருப்பில் மூன்று பெட்ரூம் ஃபிளாட்டுகள் நிறைய. பிள்ளைகள் படித்து, வேலை கிடைத்து, பெங்களூருக்கோ அமெரிக்காவுக்கோ போய்விட்டார்கள். வீட்டில் ஓர் அறை சும்மா கிடக்கிறது. பக்கத்து ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கோ பையனுக்கோ அந்த அறையை வாடகைக்கு விடுகிறோம். கொஞ்சம் பணம் வருகிறது. அதைவிட முக்கியமாக, ராத்திரி ஒரு அவசரம் என்றால் கூப்பிட வீட்டில் ஒரு ஆள் இருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். எனக்கு அதில் எந்த ஆட்சேபமும் இல்லை.

சிக்கல் வருவது ஜனவரி, பிப்ரவரி மாதங்களில். தங்கியிருக்கும் பிள்ளை வந்து, "ஆன்ட்டி, ஆபீஸில் கொடுக்க வேண்டும், உங்கள் பான் நம்பர் வேண்டும்" என்று கேட்கும். உடனே வீட்டில் ஒரு பதற்றம். "பான் எல்லாம் தர முடியாது, அப்படி வேண்டுமென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்" என்கிற வரைக்கும் பேச்சு போய்விடுகிறது. ஒவ்வொரு ஆண்டும் இப்படி ஒன்றிரண்டு கதையாவது என் காதுக்கு வருகிறது. இன்று நான் பேசுவதே அந்தப் பதற்றத்தைக் கொஞ்சம் குறைப்பதற்காகத்தான்.

முதலில், அந்தப் பிள்ளை ஏன் கேட்கிறது? சம்பளத்தில் எச்.ஆர்.ஏ. என்று ஒரு பகுதி வரும். பழைய வரி முறையில் இருப்பவர்கள் வாடகை கொடுத்தால், அந்த எச்.ஆர்.ஏ.வில் ஒரு பகுதிக்கு வரிவிலக்குப் பெறலாம். ஆண்டு வாடகை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் எண்ணை அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். மாதம் ரூ.9,000 என்றால் ஆண்டுக்கு ரூ.1,08,000. ஆகவே கேட்கிறது. புதிய வரி முறையில் எச்.ஆர்.ஏ. சலுகை கிடையாது, அதனால் இப்போதெல்லாம் கேட்பவர்கள் கொஞ்சம் குறைந்திருக்கலாம். ஆனாலும் பழைய முறையிலேயே இருப்பவர்கள் இன்னும் உண்டு.

இங்கேதான் ஒரு தவறான நம்பிக்கை முளைத்திருக்கிறது. "ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்குள் இருந்தால் வாடகைக்கு வரி இல்லை" என்று பலர் நினைக்கிறார்கள். அதனால்தான் ஊரெல்லாம் ரூ.8,300 வாடகை. விநோதமான எண்! பன்னிரண்டால் பெருக்கிப் பாருங்கள், ரூ.99,600 வரும். அந்த ஒரு லட்சம் என்பது வாடகைக்காரர் உங்கள் பான் எண்ணைக் கொடுக்க வேண்டிய எல்லை மட்டும்தான். உங்கள் வருமானத்துக்கு வரி உண்டா இல்லையா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மாதம் ரூ.3,000 வாங்கினாலும் அது உங்கள் வருமானத்தில் சேர வேண்டியதுதான்.

இரண்டாவது நம்பிக்கை இதற்கு நேர் எதிர். "வாடகையைக் காட்டினால் பெரிய வரி வந்துவிடும்." இதைத்தான் இன்று கணக்குப் போட்டுப் பார்க்கப் போகிறோம்.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 68. வீடு அவர் பெயரில். ஓய்வூதியம் ஆண்டுக்கு ரூ.4,80,000. வங்கி டெபாசிட் வட்டி ரூ.90,000. 1,000 சதுர அடி ஃபிளாட். அதில் குளியலறையோடு சேர்ந்த ஓர் அறை, 200 சதுர அடி, மாதம் ரூ.9,000-க்கு விட்டிருக்கிறார். முடிந்துபோன 2024-25 நிதியாண்டின் கணக்கைப் புதிய வரி முறையில் பார்ப்போம்.

ஆண்டு வாடகை ரூ.1,08,000. வீட்டுக்கு அவர் கட்டிய சொத்து வரி ரூ.5,000 என்று வையுங்கள். வாடகைக்கு விட்ட பகுதி ஐந்தில் ஒன்று; எனவே சொத்து வரியிலும் ஐந்தில் ஒன்று, ரூ.1,000 கழிக்கலாம். மீதி ரூ.1,07,000. இதில் 30 சதவீதம், அதாவது ரூ.32,100, எந்த ரசீதும் இல்லாமல் நிலையான கழிவாகக் கழிந்துவிடும். வருமானமாகச் சேர்வது ரூ.74,900 மட்டும்.

இப்போது மொத்தத்தைப் போடுங்கள். ஓய்வூதியத்தில் ரூ.75,000 நிலையான கழிவு போக ரூ.4,05,000. வட்டி ரூ.90,000. வாடகை ரூ.74,900. ஆக மொத்தம் ரூ.5,69,900. மூன்று லட்சத்துக்கு மேல் உள்ள தொகைக்கு 5 சதவீதம் என்றால் ரூ.13,495 வரி. ஆனால் அந்த ஆண்டு ஏழு லட்சம் வரை வருமானம் உள்ளவர்களுக்கு 87ஏ பிரிவில் முழுத் தள்ளுபடி உண்டு. கட்ட வேண்டிய வரி: பூஜ்யம்.

இதையும் பாருங்கள். அந்த அம்மா பான் எண் தர மறுத்தால் தங்கியிருக்கும் பிள்ளைக்கு என்ன ஆகும்? அதன் அடிப்படைச் சம்பளம் மாதம் ரூ.30,000 என்றும், பழைய முறையில் 20 சதவீத அடுக்கில் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். வாடகை ரூ.1,08,000-இல் அடிப்படைச் சம்பளத்தின் பத்து சதவீதமான ரூ.36,000-ஐக் கழித்தால், ரூ.72,000-க்கு வரிவிலக்கு கிடைக்க வேண்டியது. அது போய்விட்டால் செஸ் சேர்த்து ஏறக்குறைய ரூ.15,000 கூடுதல் வரி. ஒன்றரை மாத வாடகைக்கு மேல்! தனக்கு ஒரு ரூபாய்கூட வரி வராத ஒன்றுக்குப் பயந்து, வீட்டில் தங்கியிருக்கும் பிள்ளைக்குப் பதினைந்தாயிரம் நஷ்டம். இது நியாயமில்லை என்பது என் கருத்து.

எல்லோருக்கும் பூஜ்யம் என்று நான் சொல்லவில்லை. பெரிய ஓய்வூதியம், இல்லை இன்னும் வேலையில் இருப்பவர்கள், 15 சதவீத அடுக்கில் இருந்தால் இதே வாடகைக்கு செஸ் சேர்த்து சுமார் ரூ.11,700 வரும். 30 சதவீத அடுக்கு என்றால் சுமார் ரூ.23,400. அதாவது பன்னிரண்டு மாத வாடகையில் இரண்டரை மாத வாடகை போகும். வலிக்கும், மறுக்கவில்லை.

உண்மையிலேயே உறைக்கும் இடம் ஒன்று உண்டு. வாடகை இல்லாமல் சரியாக ஏழு லட்சத்தில் நிற்பவர். அவருக்குத் தள்ளுபடி காரணமாக அதுவரை வரி இல்லை. ரூ.74,900 சேர்ந்ததும் எல்லை தாண்டிவிடுகிறது, தள்ளுபடி போய்விடுகிறது, வரி செஸ் சேர்த்து ரூ.28,590. இப்படி எல்லையில் நிற்பவர்கள் பழைய முறையிலும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். மூத்த குடிமக்களுக்குப் பழைய முறையில் டெபாசிட் வட்டியில் ரூ.50,000 வரை கழிவு இருக்கிறது. மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் இருக்கிறது. ஒவ்வொருவர் கணக்கும் வேறு. நடப்பு ஆண்டான 2025-26-இல் இந்த எல்லை பன்னிரண்டு லட்சமாக உயர்ந்துவிட்டது. எனவே அடுத்த ஆண்டு தாக்கல் செய்யும்போது இங்கே உட்கார்ந்திருக்கும் ஓய்வூதியர்களில் பலருக்கு இந்தத் தலைவலி இருக்காது.

ஒரு எச்சரிக்கை. வரி பூஜ்யம் என்றால் ரிட்டர்ன் வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. மொத்த வருமானம் அடிப்படை விலக்கு வரம்பைத் தாண்டினால் ரிட்டர்ன் போட்டே ஆக வேண்டும். அந்த ஆசிரியை ரிட்டர்ன் போட்டால்தான் 87ஏ தள்ளுபடியே கிடைக்கும். இந்த ஆண்டு கடைசி நாளை ஜூலை 31-இலிருந்து செப்டம்பர் 15-க்குத் தள்ளியிருக்கிறார்கள். தள்ளிவிட்டார்கள் என்பதால் செப்டம்பர் 14 இரவு என் வீட்டு மணியை அடிக்காதீர்கள்.

கடன் பாக்கி இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டுக் கடன் வட்டியில் வாடகைப் பகுதிக்கு உரிய பங்கைப் புதிய முறையிலும் கழிக்கலாம். ஆண்டுக்கு வட்டி ரூ.1,50,000 என்றால் நம் உதாரணத்தில் ஐந்தில் ஒரு பங்கு ரூ.30,000. நீங்கள் குடியிருக்கும் பகுதிக்கு உரிய வட்டிக்குத்தான் புதிய முறையில் இடமில்லை. கடன் இருப்பவர்கள் பலர் இந்தக் கழிவைக் கவனிக்காமலே விட்டுவிடுகிறார்கள்.

பெயின்ட் அடித்தது, கட்டில் மெத்தை வாங்கிப் போட்டது, கீசர் மாற்றியது, சங்கத்துக்குக் கட்டும் மெயின்டனன்ஸ் இவற்றை எல்லாம் கழிக்கலாமா என்று கேட்பீர்கள். அந்த 30 சதவீதம் அதற்காகத்தான். நீங்கள் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாவிட்டாலும் 30 சதவீதம் உண்டு. அறுபதாயிரம் செலவு செய்தாலும் அதே 30 சதவீதம்தான். மெயின்டனன்ஸ் தொகைக்காகத் தீர்ப்பாயம் வரை போய் வென்றவர்கள் உண்டு. ஒரு ரூம் வாடகைக்கு அந்த வேலை வேண்டாம்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். நம் வீடுகளில் முக்கால்வாசிக் குழப்பம் இங்கேதான்.

அறை மட்டும் கொடுத்தால் அது வீட்டுச் சொத்து வருமானம். சிலர் அதைத் தொழில் வருமானம் என்று காட்டி, ஏ.சி., ஃபர்னிச்சர், வேலைக்காரம்மா சம்பளம் எல்லாவற்றையும் செலவாக எழுதிக்கொண்டிருந்தார்கள். 2024 பட்ஜெட்டில் அந்த வழியை அடைத்துவிட்டார்கள். சொந்தக்காரர் தன் குடியிருப்பு வீட்டையோ அதன் ஒரு பகுதியையோ வாடகைக்கு விட்டால் அது வீட்டுச் சொத்து வருமானம்தான் என்று சட்டத்திலேயே விளக்கம் சேர்த்தாகிவிட்டது. 2024-25 நிதியாண்டுக் கணக்கிலிருந்தே இது பொருந்தும்.

ஆனால் காலை டிபனும் ராத்திரிச் சாப்பாடும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள் என்றால்? சாப்பாட்டுக்கு வாங்கும் பணம் வாடகை ஆகாது. அதற்கு 30 சதவீதக் கழிவு கிடையாது. அது தனி வருமானம். அதற்கான உண்மையான செலவை, அரிசி, பருப்பு, பால், காஸ் சிலிண்டர், கழித்துக்கொள்ளலாம். அறைக்கு ரூ.9,000, சாப்பாட்டுக்கு ரூ.5,000 என்று பிரித்து வாங்கினால் கணக்கு சுலபம். சாப்பாட்டுப் பணம் ஆண்டுக்கு ரூ.60,000, செலவு ரூ.48,000 என்றால் மீதி ரூ.12,000 உங்கள் வருமானம். மளிகை பில்களில் அந்தப் பிள்ளை சாப்பிட்டதை மட்டும் எப்படிப் பிரிப்பது என்று கேட்காதீர்கள். வீட்டில் மூன்று பேர் சாப்பிட்டால் மூன்றில் ஒரு பங்கு என்று நியாயமாகப் போட்டு, எப்படிப் போட்டோம் என்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். போதும்.

மொத்தமாக ரூ.14,000 என்று ஒரே தொகையாக வாங்கினால்தான் வம்பு. எது வாடகை, எது சாப்பாடு, எது ஃபர்னிச்சருக்கு என்று பிரிக்கவே முடியாதபடி இருந்தால், முழுத் தொகையும் 'இதர வருமானம்' என்று அதிகாரி எடுத்துக்கொள்ள இடம் இருக்கிறது. அப்போது 30 சதவீதக் கழிவு கைவிட்டுப் போகும். ஒப்பந்தத்தில் இரண்டு வரி எழுதுவதால் தீரும் பிரச்சினை இது. கரண்ட் பில்லும் அப்படித்தான். அறைக்கு சப்-மீட்டர் போட்டு, ஓடிய யூனிட்டுக்கு ஆன தொகையைத் தனியாக வாங்கினால் அது வாடகையில் சேராது. "கரண்ட் உட்பட பத்தாயிரம்" என்று பேசினால் பத்தாயிரமும் வாடகைதான்.

ஒப்பந்தம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். இணையத்திலேயே செய்யலாம். வரிக் கணக்குக்கும் அந்தத் தாள்தான் முதல் சாட்சி.

அடுத்தது நான் மிகவும் முக்கியமாக நினைப்பது. வாடகை யாருடைய வருமானம்?

பணம் யார் கணக்கில் விழுகிறதோ அவருடையது என்று நாம் நினைக்கிறோம். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. வீடு யாருடையதோ, வருமானம் அவருடையது. கணவர் பெயரில் வீடு, வாடகை மனைவியின் ஜி-பேக்கு வருகிறது என்றால் கணவர்தான் காட்ட வேண்டும். "சரி, அவள் பெயருக்கே எழுதி வைத்துவிடுகிறேன்" என்று தானமாக எழுதினாலும், வரிக்கு அவரையே சொந்தக்காரராகக் கருதுவார்கள். இருவர் பெயரிலும் வாங்கி, பங்கு இவ்வளவு என்று திட்டமாக இருந்தால் அவரவர் பங்குப்படி பிரித்துக் காட்டலாம். இருவருக்கும் தனித்தனி வரம்பு இருப்பதால் அது பல வீடுகளில் நல்லது. ஆனால் வங்கிக் கடனுக்காகப் பெயரை மட்டும் சேர்த்திருந்தால் கவனம். பணம் போட்டது யார் என்று கேள்வி வரும்.

இதைவிடச் சங்கடமான நிலை, கணவர் காலமாகி, வீடு இன்னும் அவர் பெயரிலேயே இருப்பது. நம் பிளாக்குகளிலேயே இப்படி இருக்கிறது. யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. உயில் இல்லை என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள், கணவரின் தாயார் இருந்தால் அவர், எல்லோருக்கும் சம பங்கு. அப்படியானால் அந்த ரூம் வாடகையும் சட்டப்படி அத்தனை பேருக்கும் பங்கு பிரிந்ததுதான். அம்மா முழுவதையும் வாங்கிச் செலவு செய்கிறார், பிள்ளைகள் ஒன்றும் கேட்பதில்லை. குடும்பத்தில் அது சரி. ஆனால் பெங்களூரில் 30 சதவீத அடுக்கில் இருக்கும் மகனின் கணக்கில் அவன் பங்கு வாடகை சேர வேண்டும் என்பது அவனுக்கே தெரியாது. பிள்ளைகள் மனமுவந்து விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுத்துவிட்டால் அம்மா முழுச் சொந்தக்காரர். குடும்பத்துக்குள் எழுதும் பத்திரத்துக்கு முத்திரைக் கட்டணத்தில் உச்சவரம்பு உண்டு. வரி மட்டும் காரணம் இல்லை. நாளைக்கு வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ வேண்டுமென்றால், சொத்து வரிப் பெயரை மாற்ற வேண்டுமென்றால், எல்லாவற்றுக்கும் இது வேண்டும். பிள்ளைகள் தீபாவளிக்கு வரும்போது பட்சணத்தோடு இதையும் பேசிவிடுங்கள்.

மூன்றாவது, வெளிநாட்டில் இருக்கும் மகன் வாங்கிய ஃபிளாட்டில் அப்பா அம்மா இருப்பது. வீடு மகனுடையது. அதில் ஓர் அறையை வாடகைக்கு விட்டால் அந்த வருமானமும் மகனுடையது. சொந்தக்காரர் வெளிநாடு வாழ் இந்தியர் என்றால், வாடகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் வாடகைக்காரர் 30 சதவீதமும் செஸ்ஸும், அதாவது 31.2 சதவீதம், பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். குறைந்தபட்ச வரம்பு எதுவும் கிடையாது. ஒன்பதாயிரம் வாடகை கொடுக்கும் ஒரு பிள்ளை டான் எண் வாங்கி, ரூ.2,808 பிடித்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை படிவம் தாக்கல் செய்யும் என்று யார் எதிர்பார்க்க முடியும்? நடைமுறையில் யாரும் செய்வதில்லை. ஆனால் பொறுப்பு அந்தப் பிள்ளை தலையில்தான் விழும். குறைந்தபட்சம், சொந்தக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார் என்பதை அறையைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். மகனுக்கு இந்தியாவில் வேறு வருமானம் இல்லை என்றால், பிடித்த வரியை ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கிவிடலாம். குறைவாகப் பிடிக்கச் சொல்லிச் சான்றிதழும் கேட்கலாம். அமெரிக்காவில் இருப்பவர்கள் இந்த வாடகையை அங்கேயும் காட்ட வேண்டும். அந்த நாடு அங்கே குடியிருப்பவரின் உலக வருமானத்துக்கே கணக்குக் கேட்கும்.

மூத்தவர்களுக்காக இரண்டு விஷயம். வங்கியில் டெபாசிட் வட்டிக்கு வரி பிடிக்க வேண்டாம் என்று 15எச் படிவம் கொடுக்கிறீர்கள். கவுன்டரில் நீட்டியதும் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். அதில் 'இந்த ஆண்டு மொத்த வருமானம் எவ்வளவு இருக்கும்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. வாடகையும் அதில் சேர வேண்டும். சேர்த்த பிறகும் வரி பூஜ்யம் என்றால் தாராளமாகக் கொடுங்கள்.

மற்றது 75 வயது தாண்டியவர்களுக்கு. ஓய்வூதியமும் வட்டியும் ஒரே வங்கியில் வந்தால், அந்த வங்கியே வரியைக் கணக்கிட்டுப் பிடித்துக்கொள்ளும், ரிட்டர்ன் போட வேண்டாம் என்று ஒரு சலுகை இருக்கிறது. அந்தச் சலுகை ஓய்வூதியமும் வட்டியும் மட்டுமே வருமானமாக உள்ளவர்களுக்கு. ஓர் அறையை வாடகைக்கு விட்ட அன்றே அது போய்விடும். இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

அட்வான்ஸ் பற்றி நீட்ட மாட்டேன். திருப்பிக் கொடுக்க வேண்டிய அட்வான்ஸ் வருமானம் அல்ல. காலி செய்யும்போது வாடகை பாக்கிக்காகப் பிடித்துக்கொண்டால், அந்தத் தொகை அப்போது வாடகையாகச் சேரும். ரூ.20,000 அல்லது அதற்கு மேல் அட்வான்ஸ் என்றால் ரொக்கமாக வாங்காதீர்கள்; ரொக்க டெபாசிட்டுக்கு என்று தனிப் பிரிவும் தனி அபராதமும் இருக்கின்றன.

துறைக்கு எப்படித் தெரியும் என்று சிலர் மனதுக்குள் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். வருமான வரி இணையதளத்தில் உங்கள் கணக்கில் நுழைந்தால் ஏ.ஐ.எஸ். என்று ஒரு பட்டியல் இருக்கிறது. 2021 நவம்பர் முதல் வருகிறது. உங்கள் பான் எண்ணைக் கொடுத்து யாராவது எச்.ஆர்.ஏ. கேட்டிருந்தால், அவர்கள் அலுவலகம் அனுப்பும் விவரம் வழியாக வாடகை வரவு என்று அதில் வந்து உட்கார்ந்துவிடும். ரிட்டர்ன் போடும் முன் அதைத் திறந்து பாருங்கள். உங்களிடம் வாடகைக்கே இருந்திராத ஒருவர் உங்கள் பான் எண்ணைப் பயன்படுத்தியிருந்தால் அங்கேயே மறுப்புப் பதிவு செய்யலாம். பழைய வாடகைக்காரர் காலி செய்த பிறகும் அதே எண்ணைத் தொடர்ந்து கொடுப்பது நடக்கிற விஷயம்.

காட்டாமல் விட்டு மாட்டிக்கொண்டால், குறைத்துக் காட்டிய வருமானத்துக்கான வரியில் 50 சதவீதம் அபராதம். வேண்டுமென்றே மறைத்ததாக முடிவானால் 200 சதவீதம். முந்தைய ஆண்டுகளை இப்போது சரிசெய்ய விரும்புபவர்களுக்குத் திருத்திய கணக்கு, ஐ.டி.ஆர்.-யு, இருக்கிறது. இந்த ஆண்டு பட்ஜெட்டில் அதற்கான காலத்தை மதிப்பீட்டு ஆண்டு முடிந்ததிலிருந்து நான்கு ஆண்டுகளாக நீட்டியிருக்கிறார்கள். முதல் ஆண்டுக்குள் என்றால் வரி, வட்டியின் மேல் 25 சதவீதம் கூடுதல். அடுத்தடுத்த ஆண்டுகளில் 50, 60, 70. போகப் போக விலை ஏறுகிறது. வாடகையைச் சேர்த்தாலும் வரியே வந்திருக்காது என்கிற நிலையில் இருந்தவர்கள், பழையதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாமல், இந்த ஆண்டிலிருந்து ஒழுங்காக ஆரம்பியுங்கள்.

கூட்டத்தில் கேட்ட கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் சொல்லிவிட்டு முடிக்கிறேன்.

நான்கு மாதம் அறை காலியாக இருந்தது என்று ஒருவர் கேட்டார். வந்த வாடகைக்கு மட்டும்தான் கணக்கு. எட்டு மாத வாடகையைக் காட்டுங்கள்.

ஜி.எஸ்.டி. வருமா என்று ஒரு கேள்வி. தங்குபவர் ஒருவருக்கு மாதம் ரூ.20,000-க்குள் இருந்து, தொடர்ந்து 90 நாளாவது தங்கினால் விலக்கு என்று 2024 ஜூலையில் அறிவித்தார்கள். அது இல்லாவிட்டாலும் ஆண்டு வரவு இருபது லட்சம் தாண்டினால்தான் பதிவே தேவை. ஓர் அறைக்காரர்கள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

சொந்த மகனே எச்.ஆர்.ஏ.வுக்காக அப்பாவிடம் வாடகை ரசீது கேட்கிறான், கொடுக்கலாமா என்று கேட்டார் ஒரு சார். வீடு உங்களுடையது, அவன் நிஜமாகவே மாதாமாதம் வங்கி வழியாக வாடகை தருகிறான், நீங்கள் அதை உங்கள் கணக்கில் காட்டுகிறீர்கள் என்றால் கொடுக்கலாம். ரசீது மட்டும் கொடுத்து, பணமும் வராமல், கணக்கிலும் காட்டாமல் இருந்தால் அது பொய் ரசீது. இருவருக்கும் சிக்கல்.

வாடகை தராமல் ஓடிவிட்டான், அதற்கும் வரியா என்பது இன்னொன்று. வராத வாடகையைக் கழிக்க விதி இருக்கிறது. ஆனால் அவன் காலி செய்திருக்க வேண்டும், வசூலிக்கச் சட்டப்படி முயன்றிருக்க வேண்டும், அல்லது முயன்றாலும் பயனில்லை என்று அதிகாரிக்குப் புரியவைக்க வேண்டும். அனுப்பிய மெசேஜ்களை அழித்துவிடாதீர்கள்.

ஆகஸ்ட் மாதம் முழுவதும் ஞாயிறு காலை 10 முதல் 12 வரை நம் நூலக அறையில் இருப்பேன். கட்டணம் இல்லை. பான் கார்டு, சொத்து வரி ரசீது, வாடகை வந்த வங்கிப் பாஸ்புக், வாடகை ஒப்பந்தம் இவற்றோடு வாருங்கள். இணையதளத்தின் பாஸ்வேர்டையும் மறக்காமல் எழுதி எடுத்து வாருங்கள். போன ஆண்டு பாதி நேரம் அதை மீட்பதிலேயே போய்விட்டது. விருப்பம் இருந்தால், தங்கியிருக்கும் பிள்ளையையும் அழைத்து வரலாம்.